நியோமான் லந்த்ராவின் திரும்பாத கழுத்து

"என்னை எவனாவது நாய் பேரை வெச்சுக் கூப்பிட்டான்னா, அகூங் மலை திரும்பினாலும் திரும்பும், இந்தக் கழுத்து திரும்பாது!"

மேற்படி சபதம் எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில், அறுபத்தொரு குடும்பத் தலைவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, காப்பி ஒரு சுற்று வந்து முடிந்த நல்ல நேரத்தில், அறுபத்திரண்டாவது குடும்பத் தலைவரான நியோமான் லந்த்ராவால் எழுந்து நின்று எடுக்கப்பட்டது. கூட்டக் குறிப்பேட்டில் அது பதிவாகவில்லை. குறிப்பேட்டில் பதிவாகிற தீர்மானங்களை எங்கள் ஊரில் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இதை எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

மலையைச் சாட்சிக்கு இழுப்பது சாதாரணக் காரியமில்லை. நாங்கள் தூங்கும்போது தலையை அந்தத் திசையில்தான் வைக்கிறோம். வீட்டுக் கோயில் அந்தப் பக்கம்தான் இருக்கும். பன்றிக் கொட்டகை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். அப்படிப்பட்ட மலையை ஒரு நாய்க்குட்டி விவகாரத்துக்குள் கொண்டுவருகிறவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நியோமான் யோசிக்கிற நிலையில் இல்லை. அவர் பத்தொன்பது வருடமாகப் பொறாமையில் இருந்தார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலித் தீவில் எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் முதல் குழந்தை பிறந்ததும் பெற்றவர்களின் சொந்தப் பெயர் போய்விடும். 'பான்' என்றால் அப்பா, 'மென்' என்றால் அம்மா. வாயான் முத்ரா என்றொருவர் இருந்தார். அவருக்குத் தாரி என்று பெண் பிறந்த அன்றோடு வாயான் முத்ரா காலி. அன்றிலிருந்து அவர் பான் தாரி, அவர் மனைவி மென் தாரி. பேரன் பேத்தி பிறந்தால் பெயர் இன்னொரு முறை மாறும். அது இரண்டாவது பதவி உயர்வு.

நியோமான் லந்த்ராவுக்கு முதல் பதவியே கிடைக்கவில்லை. சுகெர்த்தியைக் கல்யாணம் செய்து பத்தொன்பது வருடமாகிறது. பிள்ளையில்லை. நாற்பத்தேழு வயதிலும் அவர் வெறும் நியோமான்தான். நியோமான் என்பது மூன்றாவதாகப் பிறந்த எவருக்கும் வைக்கிற பெயர். சந்தையில் நின்று "நியோமான்!" என்று கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்புவார்கள், அதில் ஏழு பேர் அரைக்கால் சட்டை போட்ட பையன்களாக இருப்பார்கள்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஊர் அவருக்குக் கொடுத்த வேலை அப்படி. பிழைப்புக்கு அவர் முச்சந்தியில் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஊருக்கு அவர் அறிவிப்பாளர். கூட்டமோ கோயில் வேலையோ சாவோ, வீடு வீடாகப் போய் வாசலில் நின்று வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் செய்தியை ஒப்படைக்க வேண்டும்.

"பான் தாரி! நாளைக் காலைல கோயில்ல வேலை. அரிவாளும் கூடையும் கொண்டுவரணும்! பான் ரெஸ்தி! நாளைக் காலைல..."

மாதத்துக்கு நான்கு முறை, அறுபத்தொரு வாசலில், அறுபத்தொரு பேரை அவரவர் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காக ஒரு மனிதரை ஊரே சேர்ந்து நியமித்திருந்தது. குரல் நன்றாக இருந்ததால் நியமித்தோம். வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

இந்த நிலையில்தான் நாய்க்குட்டி வந்தது.

பெட்டைக் குட்டிகளை வாய்க்கால் கரையில் விட்டுவிட்டுப் போகிற புண்ணியவான்கள் எங்கள் பக்கம் நிறைய. ஒருநாள் துணி துவைக்கப் போன சுகெர்த்தி, வாளியில் துவைத்த துணியும் துணிக்கு மேல் ஒரு குட்டியுமாகத் திரும்பினார். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருந்தது. எங்கள் கோயில் வாசலில் நிற்கிற காவல் சிலையின் இடுப்பில் சுற்றுகிற கட்டம்போட்ட துணிக்கு போலெங் என்று பெயர். குட்டிக்கும் அதையே வைத்தார்.

மூன்றாவது நாள் சந்தையில் மீன்காரி, "என்ன மென் போலெங், இன்னிக்குத் தலை மட்டும்தானா?" என்று கேட்டார். "ஆமா, குட்டிக்குத்தான். முள்ளு எடுத்துக் குடு" என்றார் சுகெர்த்தி, பிறந்ததிலிருந்து அதுதான் தன் பெயர் என்பதுபோல. இதை நியோமான் காதால் கேட்டார். அன்று மாலை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவிக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. அதுவும் மீன் சந்தையில், எந்தச் சடங்குமில்லாமல், சிரித்த முகத்தோடு.

மறுநாள் கூட்டம். நியோமான் மண்டபத்துப் படி ஏறியதும் பான் தாரி, "வாங்க வாங்க பான் போலெங்! பொண்ணு தூங்கிட்டாளா?" என்றார். அறுபது பேர் சிரித்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் மலை, கழுத்து முதலான விஷயங்கள் சபைக்கு வந்தன.

பான் தாரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நியோமானும் அவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே மதிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பான் தாரியிடம் சண்டைச் சேவல் ஆறு இருந்தது. கிந்தாமணி ஜாதியில் வெள்ளை வெளேரென்று பஞ்சுமூட்டைபோல ஒரு நாய் இருந்தது. தலைக்குக் கட்டுகிற உடெங் துணியிலேயே ஒன்பது வகை இருந்தது. போன பண்டிகைக்கு அவர் ஒரு பட்டு உடெங் கட்டி வந்ததைப் பார்த்துவிட்டு, நியோமான் இரண்டு மாதம் கிரெத்தேக் சிகரெட்டை விட்டு, கியான்யார் கடைத்தெருவுக்குப் போய், அதைவிட ஒரு சாண் அதிகச் சரிகை வைத்த உடெங் வாங்கி வந்தார். பான் தாரி அதைப் பார்த்து, "நல்லாருக்கே" என்று மனதாரச் சொல்லிவிட்டார். நியோமானால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் கூட்டத்தில் முக்கியமான தீர்மானம் ஒன்றும் உண்டு. முந்தைய வாரம் ஊர்த்தலைவர் வீட்டுக் கோயிலில் படையலுக்கு வைத்த முழு வாத்தை ஒரு நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அறுபத்திரண்டு வீட்டில் ஒரு வீடுகூட அந்த நாயைத் தனது என்று ஒத்துக்கொள்ளவில்லை. பழுப்பு நிறமாம். பழுப்பு நிற நாயே ஊரில் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லும்போது நான்கு பழுப்பு நாய்கள் மண்டபத்தடியில் படுத்திருந்தன. தலைவர் கோபப்பட்டார்.

"இதோ பாருங்க. தும்பெக் கண்டாங் அன்னிக்குள்ள ஒவ்வொரு வீட்டு நாயும் கழுத்துல பட்டை போட்டிருக்கணும். வீடு வீடா வந்து எழுதிக்குவேன். அன்னிக்குப் பட்டை இல்லாத நாய் யாரோட நாயும் இல்ல. அதுக்கு யார் பட்டை போட்டு அது போட்டுக்குதோ, அது அவங்க நாய். சும்மா மாட்டிவிட்டு ஏமாத்தக் கூடாது. நாய் சத்தம் போடாம போட்டுக்கணும்."

தும்பெக் கண்டாங் என்பது இருநூற்றுப் பத்து நாளுக்கு ஒருமுறை வரும் சனிக்கிழமை. மாடு, பன்றி, கோழி, நாய் எல்லாவற்றையும் குளிப்பாட்டித் தீர்த்தம் தெளித்துச் சோறு வைக்கிற நாள். அதற்கு இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது.

கூட்டம் கலையும்போது பான் தாரி நியோமானின் தோளைத் தட்டினார்.

"உன்னால முடியலன்னா கவலப்படாத, நியோமான். எங்கிட்ட ஒரு பட்டை சும்மா கெடக்கு. செவப்புத் தோலு, மணி வெச்சது. தென்பசார்ல வாங்கினது. உன் குட்டிக்கு அளவா இருக்கும். பாதி நேரம் எங்க வீட்டுலதான் கெடக்குது."

அது உண்மை. மதிலடியில் மழைத்தண்ணீர் போகிற ஓட்டை ஒன்று உண்டு. போலெங் அந்த வழியாக நினைத்தபோதெல்லாம் பான் தாரி வீட்டுக்குப் போய்வந்தது. அங்கே பொரித்த பன்றித்தோல் கிடைத்தது.

அன்றிரவு நியோமான் நிலைமையைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். பான் போலெங் என்று யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்று சபதம். ஆனால் குட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அப்படிக் கூப்பிட யாருமே இருக்க மாட்டார்கள். பிறகு எதற்குத் திரும்பாமல் இருப்பது?

மறுநாள் கடையில் பழைய டியூபை அறுத்து, ஓரம் தீட்டி, பித்தளை வளையம் வைத்து ஒரு பட்டை செய்தார். ஒரு சரக்கு லாரியை இழுக்கலாம். குட்டியைத் தொடையிடுக்கில் பிடித்து மாட்டிவிட்டு எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டார்.

போலெங் முதலில் சிலையானது. ஒரு நிமிடம் கழித்து, தன் கழுத்தில் இருப்பது தன்னைத் துரத்துகிறது என்று முடிவுசெய்து பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது. பின்பக்கமாகவே சமையல்கட்டைக் கடந்து, பின்பக்கமாகவே கோழிக்கூடையை உருட்டி, வாசலில் சுகெர்த்தி அப்போதுதான் வைத்துவிட்டுப் போன சனாங் படையலின் பூவும் பிஸ்கட்டும் சிதற அதன்மேல் உட்கார்ந்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஊளையிட்டது. நியோமான் பதறிப்போய் ஓடிக் கழற்றிவிட்டார். அடுத்த முறை மாட்டியதும் குட்டி நேராக ஊளையிலேயே ஆரம்பித்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பான் போலெங்! பட்டையை அதுக்குப் போடறியா, அது உனக்குப் போடுதா?"

கழுத்து திரும்பவில்லை. ஆனால் காது சிவந்தது.

ஐந்து நாள் இப்படியே போயிற்று. அந்த ஐந்து நாளில் போலெங் நியோமானின் காலடிச் சத்தத்தை அடையாளம் கண்டு ஓடுகிற அளவுக்குத் தேறியது. நியோமான் டயர்களை அடுக்கி மேலே ஏறி மதிலுக்கு அந்தப்புறம் எட்டிப் பார்த்தார். பான் தாரியின் மடியில் மல்லாந்து கிடந்தது குட்டி. அவர் அதன் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தார். நியோமான் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டார். அடுத்த நாள் அறிவிப்புச் சுற்றில் அறுபது வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், அந்த ஒரு வாசலில் மட்டும், "வீட்டுல யாரு! கூட்டம்! நாளைக்கு!" என்று தந்தி அடித்துவிட்டுப் போனார்.

"ப்ளி, இங்க வாங்க" என்றார் சுகெர்த்தி. எங்கள் பெண்கள் அண்ணனையும் கணவனையும் கூப்பிடுகிற ஒரே சொல் அது. "நீங்க பஞ்சர் பாக்கற மாதிரி அதைப் பாக்கறீங்க. அமுக்கிப் பிடிச்சு, மாட்டி, முடிச்சுட்டேன்னு எழுந்து நிக்கறீங்க."

"பின்ன எப்படிப் பாக்கறதாம்?"

"பாக்கவே பாக்காதீங்க. முதுகைக் காட்டி உக்காருங்க. கையில சோறு வெச்சுக்குங்க. பட்டையைத் தரையில போடுங்க, அது மோந்து பாக்கட்டும், படுத்துத் தூங்கட்டும். அப்பறம் மெல்லிசா ஒரு துணி. சாப்பிடறப்ப கட்டணும், சாப்பிட்டு முடிச்சதும் கழட்டணும். அது கத்தறப்ப கழட்டினீங்கன்னா, கத்தினா கழட்டுவாருன்னு படிச்சுக்கும். ஏற்கெனவே படிச்சாச்சு. அப்பறம், ரெண்டு விரல் நுழையற மாதிரி எடம் விடுங்க. அது டயர் இல்ல."

"உனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?"

"யாரு சொல்லணும்? நான் உங்களைப் பழக்கலையா?"

நியோமான் தன் பழைய கைலியில் ஒரு நீளம் கிழித்தார். தன் வாடை இருக்கட்டும் என்பது கணக்கு. அன்று மாலையிலிருந்து முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் அவருடைய கழுத்தைப் பாராட்டியாக வேண்டும். திரும்பாமல் உட்காருவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. பின்னால் குட்டி வருகிறது, மோப்பம் பிடிக்கிறது, ஈர மூக்கு முழங்கையைத் தொடுகிறது. நியோமான் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் சோற்றை மட்டும் தின்றுவிட்டுப் போனது. நான்காம் நாள் துணியோடு ஐந்து வாய் சாப்பிட்டது. பத்தாம் நாள் துணியோடு சாப்பிட்டு, துணியோடு கொட்டாவி விட்டு, துணியோடு தூங்கியது. நியோமான் மூச்சுவிடப் பயந்து காலை மடக்கியபடியே உட்கார்ந்திருந்ததில் இரண்டு காலும் மரத்துப்போய், சுகெர்த்தி வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

இருபத்தைந்தாம் நாள் குட்டி துணியோடு தெருவில் நடந்தது. நியோமான் அதற்கு மூன்றடி முன்னால், திரும்பிப் பார்க்காமல், சங்கதி தெரியாதவர்போல நடந்தார். ஊர் பார்த்தது. பான் தாரி வாசலில் வந்து நின்று பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியதை நியோமான் கடைக்கண்ணால் பார்த்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான் என்று அஞ்சாமல் சொல்லலாம்.

சந்தோஷம் அரை மணி நேரம் நீடித்தது. மென் தாரி வெளியே வந்தார். துணியை உற்றுப் பார்த்தார். பூப்போட்ட மெரூன் நிறம். அவருக்கு அது தெரிந்த பூ. பக்கத்து வீட்டுக் கொடியில் பல வருடம் காய்ந்த பூ.

"நியோமான்! இது நீ இடுப்புல கட்டின கைலிதானே!"

"பழசுதான்."

"பழசோ புதுசோ! இடுப்புக்குக் கீழ கெடந்த துணியைக் கழுத்துல கட்டியிருக்கியே! சனிக்கிழமை தீர்த்தம் தெளிக்க வேண்டிய தலைக்குக் கீழ! மென் போலெங், நீயாவது சொல்லக் கூடாதா?"

சுகெர்த்தி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் தோன்றியிருக்கவில்லை. எங்கள் ஊரில் குழந்தைகூட உள்பாவாடை காய்கிற கொடிக்குக் கீழே தலையைக் கொடுக்காது, சுற்றிக்கொண்டு போகும். இடுப்புத் துணி இடுப்புத் துணிதான். விஷயம் தலைவர் வரை போனது. தலைவர் ஒரு மணி நேரம் ஆலோசித்து, நாய் என்றாலும் தலை தலைதான், அந்தத் துணி பட்டைக் கணக்கில் வராது என்று தீர்ப்புச் சொன்னார். தும்பெக் கண்டாங்குக்கு ஐந்து நாள் பாக்கி.

"என் பட்டை இன்னும் சும்மாதான் கெடக்கு" என்றார் பான் தாரி. இந்த முறை அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆசையாகச் சொன்னார். அதுதான் நியோமானுக்கு அதிகம் எரிந்தது.

வீட்டுக்குப் போனார். டியூப் பட்டையை மறுபடி மாட்டிப் பார்த்தார். குட்டி பின்பக்கமாக நடந்தது. புதுத் துணியைக் கட்டினார், மோந்துவிட்டு உதறியது. அவர் வாடை வேண்டியிருந்தது. அவர் வாடை உள்ள துணியெல்லாம் இடுப்புக்குக் கீழே இருந்தது, ஒன்றைத் தவிர. தலையில் கட்டுகிற துணி. அதற்கு மேல் சுத்தமானது உடம்பில் கிடையாது. தினம் கட்டுகிற உடெங் கிரீஸும் டியூப் பசையுமாக நாறியது. மிச்சமிருந்தது அலமாரியில் இருந்த சரிகை உடெங். இரண்டு மாதச் சிகரெட். பான் தாரியுடையதைவிட ஒரு சாண் அதிகச் சரிகை.

கத்தரிக்கோல் வைத்தபோது சுகெர்த்தி, "ப்ளி, வேணாம். வேற வழி பாப்போம்" என்றார்.

"இது தலை வேர்வை. கோயில்ல கட்டினது. எவளும் குறை சொல்ல முடியாது" என்றார் நியோமான். சரிகை ஓரத்தை அப்படியே எடுத்து மடித்துத் தைத்தார். குட்டி போட்டுக்கொள்ளுமா என்று தெரியவில்லை. குட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, தன் கழுத்திலேயே முதலில் சுற்றிக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக் காட்டினார். போலெங் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

மதிலுக்கு மேலே பான் தாரியின் தலை தெரிந்தது.

"பான் போலெங், உனக்கு ரெண்டு விரல் நுழையுதா?"

கழுத்து திரும்பவில்லை. அன்று அதைத் திருப்புவதும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. பட்டை குட்டியின் அளவுக்குத் தைத்தது.

நான்கு நாளில் போலெங் அதை ஏற்றுக்கொண்டது. சனிக்கிழமை விடிந்தது. ஊரெல்லாம் சோப்பு நுரை. பன்றிக்குக் குளியல், பசுவுக்குக் குளியல், பான் தாரியின் ஆறு சேவலுக்கும் வெந்நீரில் குளியல். நியோமானும் போலெங்கைக் குளிப்பாட்டினார். சரிகை நனையக் கூடாதே என்று பட்டையைக் கழற்றினார். பட்டையில் மட்டும் கொஞ்சம் அழுக்குத் தெரிந்தது. அதையும் அலசிக் கொடியில் போட்டார். மேலே போட்டார், கைலிகளுக்குச் சமமாக இல்லாமல். திரும்பினார். குட்டி இல்லை. ஓட்டையோரம் நுரை இருந்தது.

அதே நேரத்தில் தலைவர் குறிப்பேட்டோடு பான் தாரி வீட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே இருபது பேர். முற்றத்து நடுவில் வெள்ளை நாய் தன் பட்டையோடு உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் ஈரமாக, பட்டையில்லாமல், பன்றித்தோல் மென்றுகொண்டு போலெங்.

"இது யாரு?" என்றார் தலைவர்.

பான் தாரி உள்ளே போய்ச் சிவப்புத் தோல் பட்டையோடு வந்தார். நியோமான் ஈரத் துணியோடு வாசலில் வந்து நின்றபோது, அது குட்டியின் கழுத்தில் ஏறியிருந்தது. அருமையான பட்டை. கறுப்பு வெள்ளை உடம்புக்குச் சிவப்பு நன்றாகவே சேர்ந்தது. நியோமானே அதை மனதுக்குள் ஒத்துக்கொண்டார்.

போலெங் தலையை அசைத்தது. மணி அடித்தது.

குட்டி சிலையானது. பிறகு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது. மணி கூடவே வந்தது. சேவல் கூடைகளுக்கு நடுவே பின்பக்கமாகப் போய், படையல் தட்டில் ஏறி, அங்கே உட்கார்ந்து அழுதது. ஆறு சேவலும் கூவின.

"கொஞ்சம் பொறுங்க, பழகிடும்" என்றார் பான் தாரி. தலைவர் பொறுத்தார். குட்டி அழுகையை உயர்த்தியது. பான் தாரி எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு குனிந்து, "சரி சரி, அழாத தங்கம், அழாத" என்று தானே பட்டையைக் கழற்றினார். தாரி கப்பலில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது என்பதும், போனில் முகம் காட்டுவதோடு சரி என்பதும், அந்த வீட்டில் பன்றித்தோல் பொரித்தால் தின்ன ஆளில்லை என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நினைத்துப் பார்த்தது அன்றுதான்.

"நியோமான், உன் முறை" என்றார் தலைவர்.

நியோமான் குட்டியிடம் போகவில்லை. முற்றத்து மண்ணில், பண்டிகைக்குக் கட்டிய துணியோடு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஈரப் பட்டையை உள்ளங்கையில் விரித்து, மென் தாரியிடம் ஒரு கைச்சோறு வாங்கி அதன்மேல் வைத்தார். கையைப் பின்பக்கமாக நீட்டினார். அவ்வளவுதான். அவர் தலையில் கிரீஸ் பட்ட பழைய உடெங் இருந்தது.

இருபத்துமூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பின்னாடி வருது, நியோமான்!" என்றார் ஒருவர். கழுத்து திரும்பவில்லை. "போயிடுச்சு, போயிடுச்சு!" என்றார் இன்னொருவர், வேண்டுமென்றே. கழுத்து திரும்பவில்லை. ஈர மூக்கு முழங்கையைத் தொட்டது. சோறு தீர்ந்தது. நியோமான் பட்டையை வளையமாகப் பிடித்தார். போலெங் இரண்டு முறை மோந்துவிட்டு, தலையை அதற்குள் விட்டு, முதுகோடு சாய்ந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

தலைவர் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். நுழைந்தது. எழுதிக்கொண்டார்: கறுப்பு வெள்ளை, பெட்டை, நியோமான் லந்த்ரா வீடு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எதிர்பாராதது. ஒருவரும் அவரைப் பான் போலெங் என்று கூப்பிடவில்லை. அன்று அந்த முதுகைப் பார்த்தவர்களுக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை போலிருக்கிறது. மண்டபத்தில் "வாங்க நியோமான்" என்றார்கள். பஞ்சர் கடையில் "நியோமான், காத்து அடி" என்றார்கள். அவர் சபதத்துக்கு ஊர் இப்படி ஒரு மரியாதை காட்டும் என்று அவர் நினைக்கவில்லை. மீன் சந்தையில் மட்டும், "மென் போலெங், வால் பக்கம் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் அவர் டியூபை வாளித் தண்ணீரில் தேவைக்கு மேல் அழுத்தினார். எங்கோ குமிழி வந்தது.

பதினோராம் நாள் அறிவிப்புச் சுற்று. போலெங் கூடவே போனது. பான் தாரி வாசலில் நியோமான் கொஞ்சம் நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பான் தாரி! நாளைக்குச் சாயங்காலம் கூட்டம்!"

உள்ளேயிருந்து பதிலில்லை. சேவலுக்குத் தீனி வைக்கிற நேரம். நியோமான் நடந்தார். பத்தடி போயிருப்பார். பின்னாலிருந்து, கூட்டமும் சிரிப்பும் இல்லாத சாதாரணக் குரலில், ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி வந்தது.

"பான் போலெங்! எத்தனை மணிக்கு?"

மேகம் விலகி மலை அன்று நன்றாகத் தெரிந்தது. இருந்த இடத்தில்தான் இருந்தது.

நியோமான் திரும்பினார்.

"அஞ்சு மணிக்கு" என்றார்.